ஆறு மணிக்கு மேல் வீடு போர்க்களமாகிறது: பெரியவளைத் தூங்க வைக்க வழி சொல்லுங்கள்

இருவர்தாய் | இரவு 11:52

பெரியவளுக்கு நாலு வயது முடிந்து இரண்டு மாதம். சின்னவனுக்கு ஒன்பது மாதம். இரண்டு பேரும் இப்போதுதான் அடங்கினார்கள். இருட்டில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

பகலில் அவள் தங்கம். பள்ளியில் மிஸ் "சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை" என்கிறார். நான் கூட்டிவரப் போனால் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். ஆறு மணி தாண்டியதும் அந்தக் குழந்தை எங்கே போகிறாளோ தெரியவில்லை. இன்று இடது கால் செருப்பை முதலில் கழற்றிவிட்டேன் என்று இருபது நிமிடம் அழுதாள். மறுபடி மாட்டி, வலது காலை முதலில் கழற்றினால், "நீ கழற்றக் கூடாது, அதுவாகக் கழலணும்" என்கிறாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறாள். பல் தேய்க்க ஒரு சண்டை, உடை மாற்ற ஒரு சண்டை. எட்டரைக்குப் படுக்க வைத்தால் தண்ணீர் வேண்டும், பிறகு பாத்ரூம், பிறகு போர்வை சரியில்லை, பிறகு மறுபடியும் தண்ணீர். அவள் சத்தத்தில் சின்னவன் எழுந்துவிடுவான். அவனைத் தட்டிக்கொடுக்கும்போது இவள் என் முதுகில் ஏறுவாள்.

கணவர் வீட்டுக்கு வர எட்டு மணி ஆகும். வந்ததும் அவளைத் தூக்கிச் சுற்றி, ஓடிப் பிடித்து, கிச்சுகிச்சு மூட்டி, வீடே அதிரும். அவள் தூங்கவேண்டிய நேரத்தில் அவளைக் கிளப்பிவிடுகிறாரே என்று எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது.

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்கே தூக்கம் வராது. மூன்றாவது தடவை எழுந்து வந்தபோது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கையில் போட்டேன். கத்தினேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "தம்பிகிட்ட மட்டும் மெதுவா பேசற" என்றாள். அது அப்படியே நெஞ்சில் நிற்கிறது.

எட்டரைக்குள் தூங்க வைக்க என்ன செய்யலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

மழைச்சாரல் | காலை 6:20

பால் கொடுத்துக்கொண்டே படித்தேன். உங்கள் வீட்டில் நடப்பது எங்கள் வீட்டிலும் அப்படியே நடந்தது. எங்களுக்குச் செருப்பு இல்லை, மூடி. தண்ணீர் பாட்டில் மூடியை நான் திறந்துவிட்டேன் என்பதற்காக ஒருநாள் தரையில் உருண்டான்.

நான் கவனித்தது ஒன்று. பள்ளியில் ஏழெட்டு மணி நேரம் வரிசையில் நிற்கிறார்கள், காத்திருக்கிறார்கள், பிடிக்காததை விழுங்கிக்கொள்கிறார்கள். அந்த வயதுக்கு அது பெரிய உழைப்பு. வாசல்படி தாண்டி நம்மைக் கண்டதும் கட்டி வைத்திருந்த மூட்டை அவிழ்ந்துவிடுகிறது. உங்களிடம் அவிழ்க்கிறாள் என்றால் உங்களிடம் பயமில்லை என்று அர்த்தம். கேட்க ஆறுதலாக இல்லாவிட்டாலும் நிஜம் அதுதான்.

ஒரு கேள்வி: பள்ளியில் மதியம் தூங்க வைக்கிறார்களா? எவ்வளவு நேரம்?

---

கணக்குப்பிள்ளை | காலை 8:05

அனைவரும் இதமாகவே பேசுகிறீர்கள். என் கருத்து வேறு. எனக்கு ஐந்து வயதுப் பையன். மூன்று முறை எழுந்து வரும் பிள்ளையிடம் மூன்று முறையும் பேசிக்கொண்டிருந்தால் நான்காவது முறையும் வரும். அடியாத மாடு படியாது. கையில் ஒன்று வைத்தால் அன்றோடு முடிந்துவிடும். எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள், நன்றாகத்தான் இருக்கிறோம்.

---

பேரப்பிள்ளைகளின் பாட்டி | காலை 10:41

கணக்குப்பிள்ளை தம்பிக்கு,

நான் மூணு பிள்ளை வளர்த்தவ. நாலு பேரப்பிள்ளைங்களையும் கையில வச்சுப் பார்த்தவ. நீங்க சொன்ன அந்தப் பழமொழிய நானும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன். சொன்னது மட்டுமில்ல, செஞ்சும் இருக்கேன்.

என் மூத்தவனுக்கு இப்ப 41 வயசு. போன வருஷம் பேசிக்கிட்டு இருக்கையில, "அம்மா, அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னாடி நீ என்னை அடிச்சது ஞாபகம் இருக்கா?"ன்னான். எனக்கு ஞாபகம் இல்ல தம்பி. அவன் என்ன தப்பு செஞ்சான்னு கேட்டேன். அவனுக்கும் அது ஞாபகம் இல்ல. கதவோட நிறம் மட்டும் ஞாபகம் இருக்கு. நான் எதைக் கத்துக் கொடுக்க அடிச்சேனோ அது அவன்கிட்ட தங்கல. அடி மட்டும் தங்கிடுச்சு.

அடிச்சா அன்னிக்கு அடங்கும், உண்மைதான். ஆனா அது தூக்கத்துக்காக அடங்கல, பயத்துக்காக அடங்குச்சு. பயந்த பிள்ளை கண்ணை மூடிக்கிட்டு முழிச்சுக்கிட்டு இருக்கும். நடு ராத்திரியில அலறி எழுந்திரிக்கிறப்ப நான்தான் போய்த் தூக்கினேன்.

இருவர்தாய் கண்ணு, நீ கைய இழுத்தேன்னு எழுதியிருக்க. மனசுல போட்டு அரிக்கவேணாம். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அவகிட்ட, "நேத்து அம்மா கத்தினது தப்பு"ன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நாலு வயசுக்கு அது நல்லாவே புரியும். "நீ அப்படிப் பண்ணினதாலதான் அம்மா கத்தினேன்"ன்னு மட்டும் சேர்த்துடாத. சேர்த்தா மன்னிப்பு கணக்குல வராது.

---

இருவர்தாய் | மதியம் 1:30

பாட்டி, படித்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். இன்றே சொல்கிறேன்.

மழைச்சாரல், பள்ளியில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை தூங்க வைக்கிறார்கள். காலையில் ஏழு மணிக்கு எழுந்துவிடுவாள். இரவு பத்தரை, சில நாள் பதினொன்றுகூட ஆகிறது. தூக்கம் போதவில்லை என்பதால்தான் எட்டரைக்கே படுக்க வைக்கப் பார்க்கிறேன்.

---

வெண்சீருடை | மாலை 4:15

நான் குழந்தைகள் வார்டில் பல வருடமாகச் செவிலியர். இரண்டு பிள்ளைகளின் தாயும்கூட. முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் பரிந்துரைத்தது. இதில் பகல் தூக்கமும் சேரும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். உங்கள் மகளுக்குப் பதினொன்றரை மணி நேரம் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியமே இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டாள். மீதி ஒன்பதரை. காலை ஏழுக்கு எழுகிறாள் என்றால் இரவு ஒன்பதரைக்குத்தான் அவள் உடம்பு தூக்கத்துக்குத் தயாராகும். எட்டரைக்கு நீங்கள் படுக்க வைக்கும்போது அவளுக்குத் தூக்கமே வந்திருக்காது. வராத தூக்கத்தை வைத்துக்கொண்டு இருட்டில் ஒரு மணி நேரம் படுத்திரு என்றால் நமக்கே முடியாது. அவள் தண்ணீர் கேட்கிறாள், போர்வையைச் சரி செய்யச் சொல்கிறாள். அதற்குள் உங்களுக்குக் கோபம், அவளுக்கு அழுகை. அழுது களைத்து மறுபடி அமைதியாகும்போது மணி பத்தரை.

ஆகவே இரண்டில் ஒன்று. பள்ளியில் பேசி மதியத் தூக்கத்தை ஒரு மணி நேரமாகக் குறைக்கச் சொல்லுங்கள். இந்த வயதில் பல பிள்ளைகளுக்குப் பகல் தூக்கம் தானாகவே விலகத் தொடங்கும். முடியாது என்றால் படுக்கையை ஒன்பதேகாலுக்குத் தள்ளுங்கள். தூக்கம் சீராக வரத் தொடங்கிய பிறகு, இரண்டு மூன்று நாளைக்கொரு தரம் கால் மணி நேரம் முன்னே கொண்டுவரலாம்.

அடுத்தது வெளிச்சம். சிறு பிள்ளைகளின் கண்பாவை பெரியது, கண்ணின் வில்லையும் நம்முடையதைவிடத் தெளிவானது. நமக்குச் சாதாரணமாகத் தெரிகிற விளக்கு அவர்கள் கண்ணுக்குள் அதிகமாக இறங்கும். தூக்கத்துக்கு முன் மூளை சுரக்கிற மெலடோனினை அந்த வெளிச்சம் தடுத்துவிடும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பெரிய விளக்குகளை அணைத்துவிட்டு ஓரத்தில் சின்ன விளக்கு ஒன்றை மட்டும் எரிய விடுங்கள். செலவில்லாத வேலை, பலன் கண்கூடாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று, குற்றம் சொல்வதற்காக இல்லை, வார்டில் அடிக்கடி பார்ப்பதால் சொல்கிறேன். நாலைந்து வயது வரை குழந்தையின் கையை மணிக்கட்டில் பிடித்துச் சட்டென்று இழுக்கக் கூடாது. முழங்கை எலும்பு அதன் தசைநார் வளையத்திலிருந்து நழுவிவிடும். குழந்தை கையைத் தூக்காமல் தொங்கவிட்டுக்கொண்டே இருக்கும். மருத்துவர் ஒரு நொடியில் சரி செய்துவிடுவார், ஆனால் அந்த வலி பெரிது. விளையாட்டுக்குக் கையைப் பிடித்துச் சுற்றுவதும் இதில் சேரும் என்று உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள். அக்குளில் பிடித்துத் தூக்கலாம்.

சின்னவன் அழும்போது கோபம் தலைக்கேறினால் அவனைத் தொட்டிலில் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வந்துவிடுங்கள். அழட்டும். ஐந்து நிமிட அழுகையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. கோபத்தில் ஒருமுறை உலுக்கினால்கூட மூளைக்குள் இரத்தம் கசியலாம். இது உங்களுக்கு மட்டும் இல்லை, இதைப் படிக்கிற எல்லாருக்கும்.

---

தனியாள் அம்மா | மாலை 6:02

சிஸ்டர் தூக்கத்தைச் சொல்லிட்டாங்க. நான் சாப்பாட்டைப் பத்திச் சொல்றேன், ஏன்னா எங்க வீட்டுல சாயந்திரம் கெட்டதே சாப்பாட்டுலதான். நானும் என் மகளும் மட்டும்தான். இப்ப அவளுக்கு ஆறு.

ஒன்றரை வருஷம் போனைக் காட்டித்தான் ஊட்டினேன். வாய் தானா திறக்கும், நான் தள்ளுவேன். என்ன சாப்பிடறான்னு அவளுக்கும் தெரியாது, போதும்னும் தெரியாது. "சாப்பிடவே மாட்டேங்கறா"ன்னு டாக்டர்கிட்ட போனேன். அவர் எடை அட்டையை எடுத்து வச்சுக் காட்டினார். மூணு கிலோவுல பிறக்கிற குழந்தை ஒரு வயசுல ஒன்பது கிலோ ஆகுது, மூணு மடங்கு. அதுக்கப்புறம் வருஷத்துக்கு ரெண்டு, ரெண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சி அவ்வளவு மெதுவாகிறப்ப பசியும் குறையத்தானே செய்யும்? நான் மட்டும் முதல் வருஷத்துக் கணக்கையே மனசுல வச்சுக்கிட்டு ஊட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

எலின் சாட்டர்னு ஒரு உணவியல் நிபுணர் ஒரு முறை சொல்லியிருக்காங்க. என்ன சாப்பாடு, எப்ப, எங்க உக்காந்து, இதெல்லாம் பெரியவங்க முடிவு. சாப்பிடறதா வேணாமா, எவ்வளவு, இது குழந்தையோட முடிவு. அதை எடுத்துக்கிட்டேன். போனை ஒரே நாளுல நிறுத்தினேன். முதல் மூணு நாள் தட்டைத் தொடவே இல்ல, எனக்கு உயிரே போச்சு. அஞ்சாவது நாள் தன் கையால எடுத்து வாயில வச்சா. அதுல பாதி கீழே சிந்துச்சு. துடைச்சுக்கிட்டேன்.

அவ தட்டைத் தள்ளினா "சரி, வயிறு நிறைஞ்சிடுச்சா"ன்னு எடுத்து வச்சிடுங்க. கெஞ்சாதீங்க, மிரட்டாதீங்க. உங்க ராத்திரியில ஒரு சண்டை குறையும்.

---

மழைச்சாரல் | மாலை 6:40

தனியாள் அம்மா சொன்னதோடு சேர்த்துக் கேட்கிறேன். போனை முழுக்க நிறுத்த முடிகிறதா? உலக சுகாதார நிறுவனம் 2019இல், இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொன்னது தெரியும். ஆனால் சின்னவளைக் குளிப்பாட்டும்போது பெரியவனை எங்கே வைப்பது? எனக்கு இருப்பது இரண்டு கை. அந்தக் கால் மணி நேரம் அவன் கையில் போனைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை நினைத்து உறுத்திக்கொண்டே இருக்கிறேன்.

---

தனியாள் அம்மா | மாலை 6:55

உறுத்திக்கவேணாம்மா. எங்க வீட்டுலயும் உண்டு. நான் சமைக்கிற இருபது நிமிஷம், கூடத்துல, பெரிய திரையில, நான் எடுத்து வச்ச ஒரே ஒரு கதை. அது முடிஞ்சா முடிஞ்சது. தட்டு முன்னாடி கிடையாது, படுக்கையில கிடையாது, அழுகையை நிறுத்தறதுக்காகவும் கிடையாது. கடைசியா சொன்னது ரொம்ப முக்கியம். அழுதா கிடைக்கும்னு ஒரு தடவை தெரிஞ்சா அப்புறம் அழுகைதான் பட்டன்.

---

இரவுப்பணி அப்பா | இரவு 9:10

இந்த இழையில் ஆண்கள் குறைவு, அதனால் எழுதுகிறேன். எட்டு மணிக்கு வரும் கணவரைப் பற்றி.

எனக்கும் அந்த நிலைதான் இருந்தது. நாள் முழுக்க வேலை. வீட்டுக்கு வந்தால் பிள்ளை விழித்திருக்கும் நேரம் ஒன்றரை மணி. அதற்குள் ஒரு நாளைக்கான அப்பாவாக இருந்துவிட வேண்டும் என்று ஒரு பதற்றம். அதனால்தான் தூக்கிப் போட்டு விளையாடினோம். அந்த விளையாட்டு தவறில்லை, பிள்ளைகளுக்கு அது தேவை. ஆனால் அந்தத் துள்ளல் அடங்க அரை மணி நேரமாவது ஆகும். அடக்கும் வேலை மனைவி தலையில் விழுந்தது. சிரிப்பு எனக்கு, அழுகை அவளுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டோம் என்பதே எனக்குத் தெரியாது. ஒருநாள் அவள் சொன்னபோதுதான் உறைத்தது.

நாங்கள் செய்தது: நான் வந்ததும் முதல் பதினைந்து நிமிடம் ஆட்டம். பிறகு குளியல், அதுவும் என் பொறுப்பு. தண்ணீர் பட்டதும் உடம்பு தணியும். அதற்குப் பிறகு ஓட்டம் கிடையாது, நானும் குரலைத் தாழ்த்திவிடுவேன்.

இன்னொன்று கேட்கலாமா? உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நான் நாலைந்து முறை படித்தேன். "தம்பிகிட்ட மட்டும் மெதுவா பேசற." எங்கள் வீட்டில் இரண்டாவது பிறந்தபோது, சின்னது பால் குடிக்கிறது என்பதால் அது அம்மாவிடம், பெரியது என்னிடம் என்று பிரித்தோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் பெரியவனுக்கு நாள் முழுக்கத் தேவைப்பட்டது அம்மா. அந்த ஒன்று மட்டும் அவனுக்குக் கிடைக்கவில்லை. ஒன்பது மாதக் குழந்தை ஏழரைக்குப் பால் குடித்துவிட்டால் ஒரு மணி நேரம் அப்பா தோளில் இருக்கலாமே? அந்த ஒரு மணி நேரம் மகளுக்கு நீங்கள் மட்டும் கிடைத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

---

இருவர்தாய் | இரவு 11:20

இந்தப் பதிவை அவரிடம் காட்டினேன். அவர் எழுத வேண்டும் என்கிறார். கீழே உள்ளது அவருடையது.

வணக்கம். நான் மகளைச் சிரிக்க வைத்தால் மனைவிக்கு உதவுகிறேன் என்று நினைத்திருந்தேன். அவள் கோபமாக இருப்பது களைப்பினால் என்று நானாக முடிவு செய்துகொண்டேன், என்னால்தான் என்று தோன்றவே இல்லை. நாளையிலிருந்து எட்டு மணிக்கு மேல் பையன் என்னிடம். ஆனால் ஒரு பயம் இருக்கிறது. அம்மா அடுத்த அறைக்குப் போனாலே அலறுகிறான். பத்து நிமிடத்துக்கு மேல் என்னிடம் நின்றதில்லை. அவன் அழுதால் என்ன செய்வது?

---

பேரப்பிள்ளைகளின் பாட்டி | காலை 5:48

அழுவான் தம்பி. முதல் நாலு நாள் நல்லாவே அழுவான். நீங்க கீழ இறக்காதீங்க. தோள்ல போட்டுக்கிட்டு நடங்க, ஒரே பாட்டை ஒரே மெட்டுல பாடுங்க, குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்ல. ஒரே பாட்டா இருக்கணும், அதுதான் கணக்கு. அம்மா உடுத்தின துணியொண்ணைத் தோள்ல போட்டுக்கங்க, வாசனைக்கு அடங்குவான். தூங்கினதும் அந்தத் துணியைப் பக்கத்துலயே வச்சிடுங்க.

---

வெண்சீருடை | காலை 7:30

பாட்டி சொன்னதில் எல்லாம் சரி. ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். தோளில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் தூங்க வைத்ததும் துணியை எடுத்துவிட வேண்டும். ஒரு வயது வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்ந்த துணி, தலையணை, பஞ்சு பொம்மை எதுவும் இருக்கக் கூடாது. முகத்தில் விழுந்தால் தள்ளிவிட எல்லாக் குழந்தைக்கும் தெரியாது. மல்லாக்கப் படுக்க வையுங்கள். 1990களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பரப்புரை செய்தார்கள். அதற்குப் பிறகு தூக்கத்தில் நேர்கிற திடீர் மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. அவனாகப் புரண்டுகொண்டால் அப்படியே விட்டுவிடலாம்.

அம்மா அறையை விட்டுப் போனால் அலறுவது எட்டு, ஒன்பது மாதத்தில் தொடங்குவது இயல்பு. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அம்மா எங்கோ இருக்கிறாள் என்று இப்போதுதான் அவனுக்குத் தெரியத் தொடங்குகிறது. எப்போது வருவாள் என்பதுதான் தெரியாது. அதனால் நைசாக நழுவிப் போகாதீர்கள். "அம்மா போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். பகலில் துணிக்குப் பின்னால் முகத்தை மறைத்துத் திறக்கிற விளையாட்டை அப்பாவே விளையாடட்டும். போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பதைத்தான் அது கற்றுக்கொடுக்கிறது.

---

பேரப்பிள்ளைகளின் பாட்டி | காலை 8:12

துணியை எடுத்துடணும்னு எனக்குத் தெரியாது சிஸ்டர். எங்க காலத்துல குப்புறத்தான் போடுவோம். சின்னப் பேத்தியைப் படுக்க வைக்கிறவங்ககிட்டயும் இதைச் சொல்லிடறேன்.

---

இருவர்தாய் | 12 நாள் கழித்து, இரவு 10:15

எழுதத் தாமதமாகிவிட்டது. எல்லாருக்கும் நன்றி. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மதியத் தூக்கத்தைக் குறைக்கப் பள்ளியில் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாக் குழந்தைகளும் தூங்கும்போது ஒருத்தியை மட்டும் எழுப்ப ஆள் இல்லை என்றார்கள். அதனால் படுக்கையை ஒன்பதேகாலுக்கு மாற்றினேன். எட்டேகாலுக்கு விளக்கு குறைந்துவிடும். அணைக்கிற வேலையை அவளிடமே கொடுத்துவிட்டேன். ஸ்டூல் போட்டு ஏறி அணைக்கிறாள்.

முதல் மூன்று நாள் முன்னைவிட மோசம். சின்னவன் அடுத்த அறையில் அப்பா தோளில் அலறுகிறான், இங்கே இவள், "தம்பி அழறான், நீ போகலையா, போகலையா" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் பதறுகிறது, நெஞ்சில் பால் கட்டி வலிக்கிறது. "அப்பா பார்த்துப்பாரு. இது உன் நேரம்" என்றேன். அவள் நம்பவில்லை. நாலாவது நாள் அவன் இருபது நிமிடத்தில் தூங்கிவிட்டான். அன்றைக்குத்தான் அவள் கேட்டாள், "என்னைக் குட்டிப் பாப்பா மாதிரி தூக்கிக்கிறியா?"

மடியில் குறுக்காகப் படுக்க வைத்து, சின்னவனிடம் பேசுவதுபோலவே பேசினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அன்று அவள் பிறந்த கதையைச் சொன்னேன். எவ்வளவு சின்னதாக இருந்தாள், யார் முதலில் தூக்கினார்கள், அழுதாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இப்போது தினமும் அந்தக் கதைதான். புத்தகம் எடுத்தால் வேண்டாம் என்கிறாள்.

செருப்புச் சண்டை இன்னும் இருக்கிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன், ஒன்றும் பேசுவதில்லை. முன்னே இருபது நிமிடம் அழுதவள் ஐந்தாறு நிமிடத்தில் என் மேல் சாய்ந்துவிடுகிறாள். பல் தேய்ப்பதில் எந்த முன்னேற்றமும் இல்லை.

ஒரு கவலை. போன வாரம் இரண்டு இரவு படுக்கையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். ஒரு வருடமாக இல்லாதது. பாப்பா மாதிரி கொஞ்சியதால் இப்படி ஆகிறதா?

---

வெண்சீருடை | இரவு 10:50

இல்லவே இல்லை, கொஞ்சுவதை நிறுத்தாதீர்கள். தம்பி, தங்கை வந்த வீட்டில் பெரிய பிள்ளை சில நாள் பின்னோக்கிப் போவது சகஜம். மழலை பேசும், ஊட்டச் சொல்லும், படுக்கையை நனைக்கும். ஐந்து வயதில்கூட நூற்றில் பதினைந்து பிள்ளைகள் இரவில் நனைக்கிறார்கள். திட்டாமல், துணி மாற்றிவிட்டு, மறுபடி படுக்க வையுங்கள். விரிப்புக்குக் கீழே தண்ணீர் இறங்காத துணி ஒன்றைப் போட்டுவிட்டால் உங்கள் வேலை பாதியாகும்.

ஆனால் இதோடு அவளுக்குத் தீராத தாகம் எடுத்தால், பகலிலும் அடிக்கடி போனால், எடை குறைந்தால், போகும்போது எரிகிறது என்று சொன்னால், தள்ளிப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயும் சிறுநீர்த் தொற்றும் இப்படித்தான் தொடங்கும்.

---

தனியாள் அம்மா | இரவு 11:05

தங்கச்சி, எல்லாரைப் பத்தியும் எழுதியிருக்கீங்க. பொண்ணு, பையன், வீட்டுக்காரர். நீங்க எப்படி இருக்கீங்க?

முதல் பதிவுலயும் "தூக்கம் வராது"ன்னு எழுதினீங்க, அடுத்ததுல சமையலறையில நின்னு அழுதேன்னு எழுதினீங்க. எனக்கு அது கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு. என் பொண்ணுக்குப் பத்து மாசம் ஆனப்ப நான் அப்படித்தான் இருந்தேன். களைப்புன்னு நினைச்சேன். அவ தூங்கினதுக்கு அப்புறமும் எனக்குத் தூக்கம் வராது. எதுவும் ருசிக்காது. என்னைவிட நல்ல அம்மா அவளுக்குக் கிடைச்சிருக்கலாம்னு தோணிக்கிட்டே இருக்கும். பிரசவ மனச்சோர்வு முதல் மாசத்தோட போயிடும்னு நினைச்சிருந்தேன். ஒரு வருஷத்துக்குள்ள எப்ப வேணாலும் வரலாமாம். அந்தச் சோர்வு இருக்கான்னு பார்க்க எடின்பரோ கேள்வித்தாள்னு ஒண்ணு இருக்கு, 1987ல உருவாக்கினது. பத்தே கேள்வி. டாக்டர் கொடுத்து நிரப்பச் சொன்னார். அதை நிரப்பறப்பதான் எனக்கே தெரிஞ்சது.

தப்பா கேட்டிருந்தா மன்னிச்சுக்கங்க.

---

இருவர்தாய் | 6 நாள் கழித்து, மதியம் 2:40

அக்கா, தப்பாகக் கேட்கவில்லை. படித்த அன்று பதில் எழுத முடியவில்லை.

அவரும் கூட வந்தார். மருத்துவர் அதே பத்துக் கேள்விகளைக் கொடுத்தார். எண் கூடுதலாகத்தான் வந்தது. வாரம் ஒருமுறை பேசப் போகிறேன், ஒரு மாதம் கழித்து மருந்து வேண்டுமா என்று பார்க்கலாம் என்றார். விடியற்காலை முறை இப்போது அவருடையது. நாலரைக்கு எழுகிறவனை அவர் எடுத்துக்கொள்கிறார், எனக்கு ஏழு வரை கதவு சாத்தியிருக்கும். மூன்று நாளாக ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் தூங்கினேன். எழுந்தபோது எந்த நாள் என்றே தெரியவில்லை.

நேற்று பெரியவள் ஒன்பது இருபதுக்குத் தூங்கினாள். பல் தேய்க்காமல்தான்.

---

கணக்குப்பிள்ளை | இரவு 10:32

நான் முதலில் எழுதியதற்குப் பிறகு இந்த இழையைத் தினமும் படித்துவந்தேன். பாட்டிக்குப் பதில் எழுதவில்லை. அந்தப் பச்சைக் கதவு என்னை விடவில்லை. எங்கள் வீட்டில் அது மாடிப்படி. என் அப்பா எதற்காக அடித்தார் என்று எனக்கும் ஞாபகம் இல்லை.

இன்று பையன் நாலு முறை எழுந்து வந்தான். கை ஓங்கினேன், இறக்கிவிட்டேன். அவனைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து உள்ளேயிருந்து, "அப்பா, நீ வெளியதான் இருக்கியா?" என்றான். ஆமாம் என்றேன். "உள்ள வர மாட்டியா?" என்றான். போனேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டான்.

நாளைக்கும் வருவான் என்றுதான் நினைக்கிறேன். நாளைக்கு என்ன செய்யட்டும் பாட்டி?

---

பேரப்பிள்ளைகளின் பாட்டி | காலை 5:30

இன்னிக்கு அவன் எழுந்து வர்ற வரைக்கும் காத்திருக்கவேணாம் தம்பி. படுக்க வைக்கிறப்பவே பக்கத்துல உக்காந்துடுங்க. அவன் பிடிச்சுத் தூங்கின அந்தச் சட்டையையே போட்டுக்கிட்டுப் போங்க.